மானத்துக்கண்ணி

மூன்றாமாண்டு, விலங்கியல்

சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்திற்கு வருவோர் எல்லோரும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். பேரருவியில் தண்ணீர் எவ்வளவு விழுகிறது, ஐந்தருவியில் ஐந்தும் விழுகிறதா, பழைய குற்றாலத்தில் கூட்டம் எப்படி என்பதே பேச்சு. குனிந்து பார்ப்பவர் எவருமில்லை. அருவி நீர் வழிந்தோடி, பாறை இடுக்குகளில் தேங்கி, பின் வாய்க்காலாகி வயல்களை நோக்கிப் போகிறதே, அந்த இடத்தில் ஐந்து நிமிடம் குனிந்து நிற்பவர்களுக்கு மட்டும் காட்சி தருகின்ற ஒரு சிறிய மீனை இம்மலரின் வாசகர்களுக்கு அறிமுகம் செய்து வைக்க விரும்புகிறேன்.

எனக்கு அதை அறிமுகம் செய்தவர் என் தாத்தா. இலஞ்சிப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. விடுமுறையில் போனால் மாலையில் என்னை மடைக்கு அழைத்துப் போவார். வாய்க்கால் கரையில் குந்தி உட்கார்ந்து, வாயிலிருந்த வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்பிவிட்டு, "அசையாம இருல. இப்ப வருவான் பாரு" என்பார். தெளிந்த நீரில் எதுவுமே இருக்காது. கண் இமைப்பதற்குள் புல்லடியிலிருந்து இரண்டு மூன்று மீன்கள் அம்பு போலப் பாய்ந்து வந்து, துப்பிய இடத்தைக் கொத்திப் பார்த்துவிட்டு, ஏமாந்து திரும்பும். தலையின் உச்சியில் மட்டும் ஒரு பொட்டு, வெள்ளி ஜரிகை போல மின்னும். "இதுக்கு என்ன பேரு தாத்தா?" என்று கேட்டேன். "பேரென்ன பேரு, பொடிமீன்தான்" என்றார்.

குளத்து மீனை அயிரை, கெண்டை, கெளுத்தி, விரால் என்று இனம் பிரித்துப் பெயர் சொல்பவர் அவர். ஆனால் கறிக்கு ஆகாத மீனுக்கு அவரிடமும் தனிப்பெயர் இல்லை. சட்டிக்கு வராத உயிர் பெரும்பாலும் பேச்சுக்கும் வருவதில்லை என்பது இந்தக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் போனால் கதை வேறு. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கினால் மலையாள நாடு. அங்கே இந்த மீனுக்கு ஒன்றல்ல, பல பெயர்கள் உண்டு. அவற்றுள் ஒன்று "மானத்துக்கண்ணி". மானம் என்றால் அங்கே வானம். எப்போதும் வானத்தையே பார்த்திருக்கும் கண்ணுடையது என்று பொருள். நம் புலவர்கள் பெண்ணின் கண்ணுக்கு மீனை உவமை சொல்லிச் சொல்லி ஓய்ந்தார்கள். மலையாளிகளோ மீனுக்கே கண் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்னொரு பெயர் இன்னும் வேடிக்கையானது: "துப்பலுகொத்தி". துப்பினால் வந்து கொத்துவது! என் தாத்தா செய்து காட்டிய வித்தை மலைக்கு அப்பால் ஒரு பெயராகவே நின்றிருக்கிறது. 1956 நவம்பர் முதல் நாள் வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த ஊர்தான். அப்படியிருந்தும் அந்தப் பெயர் மேட்டைத் தாண்டி எங்கள் வயலுக்கு வரவில்லை. ஆகவே இக்கட்டுரையில் நான் அதை மானத்துக்கண்ணி என்றே எழுதுகிறேன். பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய பெயர்தான், பாதகமில்லை.

விஞ்ஞானிகள் இதற்கு இட்ட பெயர் அப்ளோகைலஸ் லினியேட்டஸ். 1846-ஆம் ஆண்டில் பிரெஞ்சு விலங்கியலறிஞர் வாலன்சியென் இதனை விவரித்துப் பெயரிட்டார். இதன் நெருங்கிய உறவான மற்றொரு மீனைக் கங்கைச் சமவெளியில் கண்ட ஹாமில்டன், 1822-இல் வெளியிட்ட கங்கை மீன்கள் பற்றிய நூலில், வங்காளத்து மக்கள் வழங்கிய பெயரையே சற்றுத் திருத்தி "பான்சாக்ஸ்" என்று எழுதினார். இன்று உலகெங்கும் மீன் வளர்ப்போர் இந்தக் குடும்பத்து மீன்களையெல்லாம் பான்சாக்ஸ் என்றே அழைக்கிறார்கள். பெயர் வைத்துப் பழகியவன் சொல் அறிவியலில் ஏறிவிடுகிறது.

இவை யாவும் "கில்லி மீன்கள்" என்ற பெரிய கூட்டத்தைச் சேர்ந்தவை. கில்லி என்றதும் சோழன் நலங்கிள்ளியோ, தெருவில் நாம் ஆடிய கில்லித்தாண்டோ நினைவுக்கு வந்தால் அது என் குற்றமன்று. ஆங்கிலத்தில் கொலையைக் குறிக்கும் சொல்லோடும் இதற்குச் சம்பந்தமில்லை. டச்சு மொழியில் "கில்" என்றால் ஓடை, சிறு வாய்க்கால். வாய்க்கால் மீன் என்பதே அதன் பொருள். என் தாத்தாவிடம் சொன்னால், "அதத்தானல நானும் சொன்னேன்" என்றிருப்பார்.

இனி அந்த உடலைச் சற்று உற்று நோக்குவோம். நன்கு வளர்ந்தது நான்கு அங்குலம் போகும். நாம் வாய்க்காலில் காண்பவை பெரும்பாலும் சுண்டுவிரல் அளவே. முதுகு தட்டையானது. மற்ற மீன்களுக்கு நடு முதுகில் நிற்கும் துடுப்பு இதற்கு வாலருகே தள்ளி அமைந்திருக்கிறது. கீழ்த்தாடை நீண்டு வாய் மேல்நோக்கித் திறக்கிறது. பக்கங்களில் பொன்னும் பச்சையுமான புள்ளிகள் வரிசை வரிசையாய் ஓடும். உடலின் பின்பாதியில் கறுப்புக் குறுக்குப் பட்டைகள் விழுந்திருக்கும். ஆணுக்குத் துடுப்பு ஓரங்களில் செம்மை உண்டு. பெண் சற்று மங்கல். ஆனால் பட்டைகள் தெளிவு. கல்லோ புல்லோ நிழல் தரும் இடத்தில், நீர்மட்டத்திற்கு ஒரு நூல் கீழே, அசையாமல் கிடப்பதுதான் இதன் தொழில். நீரின் மேற்பரப்பு என்பது மற்ற மீன்களுக்கு வீட்டுக் கூரை; இதற்கோ அதுதான் சாப்பாட்டு மேசை. எறும்பு, ஈ, வண்டு, சிலந்தி என்று மேலிருந்து எது தவறி விழுந்தாலும் அது இதன் இலையில் விழுந்ததாகவே கணக்கு.

சரி, துப்பியதை எப்படிக் கண்டது? கண்ணால்தான் என்று நானும் நினைத்திருந்தேன். மேற்கு ஜெர்மனியில் ஷ்வார்ட்ஸ் என்பவரும், அவருக்குப் பின் பிளெக்மான் முதலானோரும் 1960-களிலிருந்து பல ஆண்டுகள் இந்த மீனையே வைத்துச் செய்த சோதனைகளைப் பற்றி எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொன்னபோது, நான் வாய்பிளந்து கேட்டேன். கண்ணை மறைத்தாலும், விளக்கை அணைத்தாலும், இந்த மீன் நீர்ப்பரப்பில் விழுந்த பூச்சியை நோக்கிச் சரியாகத் திரும்புகிறது! அது நீரலையைப் "படிக்கிறது".

மீன்களின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு பற்றி நாம் முதலாண்டிலேயே படித்திருக்கிறோம். மானத்துக்கண்ணிக்கு அந்த உணர்வுறுப்புகளில் சில தட்டையான தலையின் மேல்பக்கத்தில் மூன்று மூன்றாகக் கூடியிருக்கின்றன. மூக்கருகே ஒரு கூட்டம், கண்ணுக்கு மேலே ஒன்று, கண்ணுக்குப் பின்னே ஒன்று. இருபுறமும் சேர்த்தால் பதினெட்டு. நீர்ப்பரப்பில் எழும் சிற்றலை முதலில் எந்த உறுப்பைத் தொட்டது, அடுத்து எதைத் தொட்டது என்பதிலிருந்து பூச்சி எந்தத் திசையில் விழுந்தது என்று மீனுக்குத் தெரிந்துவிடுகிறது.

திசை தெரிந்தால் போதுமா? தூரம் தெரிய வேண்டுமே. இங்கேதான் இயற்பியல் நண்பர்களின் உதவி வேண்டும். கல்லெறிந்தால் எழும் பெரிய அலையில், நீளமான அலை வேகமாகச் செல்லும். ஆனால் ஏறத்தாழ 1.7 சென்டிமீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள சிற்றலைகளை ஆள்வது புவியீர்ப்பு அன்று, நீரின் பரப்பு இழுவிசை. அங்கே விதி தலைகீழ்: அலை குறுகக் குறுக வேகம் கூடும். ஒரு பூச்சி விழுந்து துடிக்கும்போது பலவகைச் சிற்றலைகள் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. குறுகியவை முந்தி வருகின்றன. நீண்டவை பிந்தி வருகின்றன. பூச்சி பக்கத்தில் விழுந்தால் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேரும். தூரத்தில் விழுந்தால் முன்னதற்கும் பின்னதற்கும் இடைவெளி விரியும். மின்னலுக்கும் இடிக்கும் உள்ள இடைவெளியை எண்ணி மழை எவ்வளவு தூரத்தில் பெய்கிறது என்று நம் ஆச்சிமார் சொல்வதில்லையா? அதே கணக்குத்தான். இந்த விரிவையும், வந்து சேரும் அலைவட்டத்தின் வளைவையும் கொண்டு, ஒரு சாண் தூரத்துக்குள் விழுந்த இரையின் இடத்தை மீன் மட்டுக்கட்டிவிடுகிறது.

இதில் இன்னுமொரு நுட்பம் உண்டு. காற்று வீசினாலும் நீரில் அலை எழுகிறது. மீன் ஏன் காற்றின் பின்னால் ஓடுவதில்லை? காற்றலை மெதுவானது, வினாடிக்குப் பத்துத் துடிப்புக்கும் குறைவு. நீரில் சிக்கிய பூச்சி எழுப்பும் அலையிலோ அதைவிடப் பன்மடங்கு விரைவான துடிப்புகள் கலந்திருக்கும். மீன் இரண்டையும் பிரித்தறிகிறது. வெற்றிலைச் சாறு மட்டும் பூச்சி போல நடித்து அதை ஏமாற்றிவிட்டது!

இந்தச் சோதனையை எவரும் செய்யலாம். செலவில்லை. அகலமான தட்டில் நீரூற்றி, மீனை விட்டு, அது அமைதியாகும் வரை காத்திருந்து, மெல்லிய ஈர்க்குச்சியின் நுனியால் நீரை இலேசாகத் தொட்டு எடுங்கள். தட்டுக்கு மூடி போட மட்டும் மறவாதீர்கள். நான் மறந்தேன். காலையில் மீன் விடுதி அறையின் மூலையில், செருப்புக்குள் கிடந்தது. இது துள்ளுவதில் மன்னன் என்பதை எந்தப் பாடநூலிலும் நான் அதற்கு முன் படித்திருக்கவில்லை.

இனி இதன் சுற்றத்தார். கில்லி மீன்களின் பெருநிலம் ஆப்பிரிக்கா. காமரூன், காபோன், காங்கோ நாடுகளின் மழைக்காட்டு ஓடைகளில், இலைச் சருகு மூடிய கணுக்கால் அளவுத் தண்ணீரில், அஃபியோசெமியான் என்ற இனத்தவை வாழ்கின்றன. இரண்டு அங்குல மீனில் நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பட்டுச்சேலைக் கடையே இருக்கும். ஒரு ஓடையில் உள்ளது அடுத்த ஓடையில் இருக்காது. அவ்வளவு சிறிய உலகம் ஒவ்வொன்றுக்கும். ஆப்பிரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் உள்ள புல்வெளிகளில் இன்னொரு கூட்டம். மழைக்காலக் குட்டைகளில் பிறந்து, குட்டை வற்றுமுன் வளர்ந்து, முட்டையைச் சேற்றில் புதைத்துவிட்டு மடிந்துபோகின்றன. முட்டை காய்ந்த மண்ணுக்குள் அடுத்த மழை வரை உறங்குகிறது. அவற்றில் மொசாம்பிக், ஜிம்பாப்வே நாடுகளில் வாழும் நோத்தோபிராங்கியஸ் ஃபர்ஸெரி என்ற மீன் சில மாதங்களே வாழ்வதால், முதுமை என்பது என்ன என்று ஆராய்வோர் இன்று தம் கூடங்களில் எலிக்குப் பதிலாக அதை வளர்க்கிறார்கள்.

நம் மானத்துக்கண்ணி அவ்வளவு அவசரக்காரியன்று. நாளுக்குச் சில முட்டைகளாக நீர்ச்செடியின் வேரிலும் இலையிலும் ஒட்டவைக்கும். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் குஞ்சு வரும். குஞ்சை அடையாளம் தெரியாமல் தானே விழுங்குவதும் உண்டு. தாய்ப்பாசம் பற்றி எழுதுகிறவர்கள் வேறு மீனைத் தேடிக்கொள்க.

ஆப்பிரிக்கக் கூட்டத்தார் எல்லோரையும்விட நம் மீனுக்கு நெருங்கிய இரத்த உறவு இருப்பது மடகாஸ்கர் தீவிலும் செய்செல்ஸ் தீவுகளிலும் வாழும் பேக்கிபான்சாக்ஸ் என்ற இனத்தோடுதான். 1997-இல் மர்ஃபி, கோலியர் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் மரபணுக்களை ஒப்பிட்டு இதை வெளியிட்டார்கள். இந்தியா, மடகாஸ்கர், செய்செல்ஸ் ஆகிய மூன்றும் ஒரு காலத்தில் ஒரே நிலத்துண்டு. ஏறத்தாழ 880 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் பிரிந்தது. 650 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், தக்காணத்தில் எரிமலைக் குழம்பு வழிந்த காலத்தையொட்டி, செய்செல்ஸ் பிரிந்தது. பிரிந்து நகர்ந்த நிலத்தோடு மீன்களும் பிரிந்தன என்பது ஒரு கருத்து. கில்லிகளில் சில உப்பு கலந்த நீரையும் தாங்கும். ஆகவே பின்னாளில் கடலோரமாகப் பரவியிருக்கலாம் என்று மறுப்போரும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை. முதல் கருத்தே சரியென்றால், திரிகூட மலையின் பாறை இடுக்கில் அசையாமல் கிடக்கும் அந்த மீனின் குலம், இமயமலை எழும்புவதற்கு முன்பே புறப்பட்ட பயணத்தைச் சேர்ந்தது.

இவ்வளவு பெருமை இருந்து என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பயன் உண்டு, அதைச் சொல்லவே இக்கட்டுரையைத் தொடங்கினேன்.

1897 ஆகஸ்டு 20-ஆம் நாள் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார் என்பது நாமறிந்ததே. அதன் பிறகு, கொசுவைப் புழுவிலேயே அழிப்பது எப்படி என்ற கேள்வி எழுந்தது. 1912-இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் வாயிலாக சீவல், சௌதுரி என்ற இருவர் கொசுப்புழுவைத் தின்னும் இந்திய மீன்களைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார்கள். கில்லி மீன்களுக்கு அதில் முக்கிய இடம். காரணம் எளிது. கொசுப்புழு நீரில் வாழ்ந்தாலும் காற்றைத்தான் சுவாசிக்கிறது. அதற்காக அது நீரின் மேற்பரப்புக்கு வந்தே தீர வேண்டும். அடியில் மேயும் அயிரை அதைக் காணாது. மேற்பரப்பையே சாப்பாட்டு மேசையாகக் கொண்ட மானத்துக்கண்ணிக்கு அது வாய்க்குள் வந்து விழும் பண்டம். நான்கு ஆண்டுகள் கழித்து, 1916-இல், சென்னை நன்னீர் மீன்களை ஆராய்ந்த சுந்தரராஜ் இந்த இனத்தில் மேலுமொரு சிறு மீனை அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். அதற்கு அவர் இட்ட பெயர் பார்வஸ், அதாவது சிறியது.

கொசுவுக்கு எதிரான படை நம் வாய்க்காலிலேயே இருக்கிறது என்பது நூறாண்டுகளுக்கு முன்பே அச்சிலும் ஏறிவிட்டது. அப்படியிருந்தும் நாம் என்ன செய்தோம்? 1928-இல் இத்தாலியிலிருந்து கம்பூசியா என்ற மீனைத் தருவித்தோம். அதன் தாயகம் வட அமெரிக்கா. தென் அமெரிக்கக் கப்பி மீன் அதற்கும் முன்பே வந்துவிட்டது. இரண்டும் முட்டையிடாமல் குட்டி போடுபவை. ஒரு முறை கலந்த பெண் அந்த விந்தைச் சேமித்து வைத்து மீண்டும் மீண்டும் ஈனும். ஆகவே ஒரே ஒரு சினைப்பெண் போதும், ஒரு குளத்தை நிறைக்க. வளர்ப்பதும் பிடிப்பதும் விடுவதும் சுலபம். சுகாதாரப் பணியாளர்களுக்கு அது பெரிய வசதி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கம்பூசியா கொசுப்புழுவை மட்டும் தின்பதில்லை. தவளையின் முட்டையையும் தலைப்பிரட்டையையும் மற்ற மீன்களின் குஞ்சையும் தின்கிறது. பெரிய மீனின் துடுப்பையும் கடித்துக் குதறுகிறது. உலகிலேயே மிகக் கேடான நூறு அயல் ஊடுருவிகள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தார் தொகுத்த பட்டியலில் அதற்கு இடமுண்டு.

2012-ஆம் ஆண்டு கோடையில் எங்கள் பக்கம், குறிப்பாகக் கடையநல்லூரில், டெங்குக் காய்ச்சல் பரவியதை இந்த வட்டாரத்தார் மறந்திருக்கமாட்டார்கள். தென்காசி அப்போது தனி மாவட்டமில்லை, திருநெல்வேலியோடு இருந்தது. நான் அப்போது சிறு பையன். கடையநல்லூரில் இருந்த என் சித்தி மகள் பதினோரு நாள் மருத்துவமனையில் கிடந்தாள். பிழைத்துக்கொண்டாள். ஆச்சி அந்தப் பதினோரு நாளும் பச்சைத் தண்ணீர் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை. வீட்டுக்கு வந்த பணியாளர்கள் முற்றத்துச் சிமெண்டுத் தொட்டியைக் காட்டி, "இதுலதாம்மா கொசு உருவாவுது" என்றார்கள். ஆச்சியால் நம்ப முடியவில்லை. குழாயில் நல்ல தண்ணீர் நாள்கணக்கில் வராது. வரும்போது பிடித்து வைக்காமல் என்ன செய்வது? தொட்டியைக் கவிழ்க்கவும் முடியாது, நாள்தோறும் கழுவவும் முடியாது. மருந்து ஊற்றினார்கள். பிறகு ஒரு நாள் யாரோ மீனும் விட்டார்கள். அது கம்பூசியா என்பது கல்லூரிக்கு வந்த பிறகு, அதன் படத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தத் தொட்டியைக் கழுவிய நீர் சாக்கடைக்குப் போனது. சாக்கடை வாய்க்காலுக்குப் போகிறது. வாய்க்கால் சிற்றாற்றுக்குப் போகிறது. சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. தொட்டியில் விட்ட மீனைத் தொட்டியோடு முடிந்தது என்று எண்ணுவது எவ்வளவு தவறு!

இங்கே நான் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்த மீனும் டெங்குவைத் தனியே ஒழித்துவிடாது. ஏடிஸ் கொசு சிரட்டையிலும் பழைய டயரிலும் பூந்தொட்டித் தட்டிலும் முட்டையிடுகிறது. அங்கே மீனை விட முடியாது; கவிழ்த்துத்தான் கொட்ட வேண்டும். போதாததற்கு அதன் முட்டை, ஆப்பிரிக்கக் கில்லியின் முட்டையைப் போலவே, காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, தண்ணீர் பட்டதும் விழித்துக்கொள்கிறது. ஆகவே தொட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுவதற்கு மாற்று இல்லை. ஆனால் கவிழ்க்க முடியாத பெரிய தொட்டி, பாழுங்கிணறு, கோயில் தெப்பம், கட்டடம் கட்டுமிடத்துத் தண்ணீர்த் தேக்கம் ஆகியவற்றுக்கு மீன் மிக நல்ல காவலாள். அந்தக் காவலாள் அமெரிக்காவிலிருந்து வரவேண்டியதில்லை என்பதே என் வாதம்.

இதற்கு மறுப்பும் உண்டு. எங்கள் வகுப்பிலேயே ஒரு நண்பர் கேட்டார்: "மானத்துக்கண்ணி நாளைக்கு நாலு முட்டை போடும், அதிலும் பாதியைத் தானே தின்னும். ஊருக்கெல்லாம் விட மீனுக்கு எங்கே போவாய்? சிற்றாற்றில் வலை போடுவாயா?" சரியான கேள்வி. ஆற்றிலிருந்து அள்ளுவது முறையே அல்ல. அது நோயை விடக் கேடான மருந்து. ஆனால் முட்டை ஒட்டிய செடியை அப்படியே எடுத்து வேறு தொட்டியில் வைத்துவிட்டால் குஞ்சு தப்பிக்கும். காற்றுக்குழாய், மின்விசை எதுவும் வேண்டாம். ஒரு சிமெண்டுத் தொட்டி, கொஞ்சம் வேலம்பாசி, மேலே வலைமூடி, அவ்வளவே. கல்லூரி விலங்கியல் துறைகளும் பள்ளிகளும் இதைச் செய்யலாம். வேகமாகப் பெருகாது என்பது இதன் குறையாகச் சொல்லப்படுகிறது. நான் அதை நிறை என்பேன். வேகமாகப் பெருகும் மீன்தானே இன்று நம்மால் திரும்ப அழைக்க முடியாததாக நிற்கிறது?

வேடிக்கை ஒன்று சொல்லி மேலே செல்கிறேன். வண்ணமீன் கடைகளில் "கோல்டன் ஒண்டர்" என்ற பெயரில் பொன்னிற மீன் ஒன்று விற்கிறது. சென்னைக் கொளத்தூரிலிருந்து தென்காசி வரை எங்கும் கிடைக்கும். அது வேறெதுவுமன்று, நம் மானத்துக்கண்ணியைத் தேர்ந்தெடுத்து வளர்த்து உண்டாக்கிய பொன்னிற வகை. உற்றுப் பார்த்தால் அதே தட்டை முதுகு, அதே மேல்நோக்கிய வாய். எங்கள் தெருப் பையன் ஒருவன் அதைக் காசு கொடுத்து வாங்கி வந்து கண்ணாடித் தொட்டியில் வைத்திருக்கிறான். அவன் வீட்டுப் பின்புறத்து வாய்க்காலில் அதன் உடன்பிறப்புகள் இலவசமாக ஓடிக்கொண்டிருந்தன.

ஓடிக்கொண்டிருந்தன என்று இறந்த காலத்தில் எழுதியது பிழையன்று. இந்த மீன் அழியும் தறுவாயில் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி நெடுகக் காணப்படுகிறது. பன்னாட்டுப் பட்டியலிலும் கவலைக்குரியதாகக் குறிக்கப்படவில்லை. ஆனால் பட்டியல் ஒரு நாட்டின் கணக்கு. ஒரு வாய்க்காலின் கணக்கு அதில் ஏறாது. குற்றாலத்தில் குளிப்போரின் எண்ணெயும் சோப்பும் ஷாம்பூவும் நீரோடு வருகின்றன. அருவிகளில் இவற்றைப் பயன்படுத்தக் கூடாதென்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உத்தரவிட வேண்டியதாயிற்று. சோப்பு நீர் இந்த மீனை என்ன செய்யும் என்பதற்கு மேலே சொன்ன இயற்பியலையே நினைவுகூர்க: சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது, சிற்றலையை ஆள்வது அந்த இழுவிசை. மற்ற மீனுக்குச் சோப்பு வெறும் அழுக்கு. அலையைப் படித்துப் பிழைக்கும் மீனுக்கோ அது அதன் புத்தகத்திலேயே கைவைப்பதாகும் என்று நான் எண்ணுகிறேன். எவ்வளவு சோப்பில் எவ்வளவு கெடும் என்பதை எங்கள் ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்க்க ஆசை. பேராசிரியர் "முதலில் தேர்வை எழுது" என்றிருக்கிறார்.

போன தைப்பொங்கல் விடுமுறையில் இலஞ்சிக்குப் போயிருந்தேன். தாத்தா இப்போது இல்லை. மடையடியில் குந்தி உட்கார்ந்து நீரில் எச்சிலை உமிழ்ந்தேன். ஏழெட்டுப் பொடிமீன்கள் வந்தன. குனிந்து பார்த்தேன். தலையில் பொட்டு இல்லை. வயிறு பருத்த கப்பிகள். எழுந்து, வரப்பு வழியே மலைப் பக்கமாக நடந்தேன். சோப்பு நீர் சேராத ஊற்றோடை ஒன்று வந்து வாய்க்காலில் விழும் இடத்தில், தாழம்புதரின் நிழலில் மறுபடி உமிழ்ந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரே ஒரு வெள்ளிப் பொட்டு, நேராக, திசை தப்பாமல் வந்தது.

சித்தி வீட்டுத் தொட்டியில் இப்போது ஆறு மானத்துக்கண்ணிகள் இருக்கின்றன. துறையின் தொட்டியில் பொரித்தவை. மேலே சித்தி தன் பழைய கொசுவலையை மடித்துக் கட்டியிருக்கிறாள்.